எழுந்து நின்றால் படபடப்பு: தைராய்டுக்காரர் வீட்டுக்கு எந்தக் கருவி தகும்?

தைராய்டு குறைந்தால் நாடி மந்தமாகத்தான் வேண்டும். ஆனால் மாத்திரை போட்டுக்கொண்டிருக்கும் சிலர் சொல்வது வேறு. உட்கார்ந்திருந்தால் ஒன்றுமில்லை, எழுந்து நின்றால் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, அடுப்படியில் பத்து நிமிடம் நிற்க முடியவில்லை. ஒருவர் 'டோஸ் கூடியிருக்கும்' என்பார், இன்னொருவர் 'எல்லாம் மனப் பதற்றம்' என்பார். வெறும் ஊகத்தோடு மருத்துவரிடம் போவதைவிட எண்களோடு போவது நல்லது. அந்த எண்களை எடுக்க எந்தக் கருவிக்குக் காசு கொடுக்கலாம்?

மேற்கையில் பட்டை கட்டும் சாதாரண டிஜிட்டல் பிபி மிஷின் போதும். புளூடூத், ஆப் எதுவும் தேவையில்லை. விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் இந்த வேலைக்கு இரண்டாம்பட்சம், மணிக்கட்டில் கட்டும் பிபி மிஷின் வேண்டவே வேண்டாம்.

காரணம் எளிது. நின்றதும் நாடி எவ்வளவு ஏறுகிறது என்பது பாதிக் கதைதான், அதே நேரத்தில் பிரஷர் இறங்குகிறதா என்பது மறுபாதி. மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 மூன்று நிமிடத்துக்குள் இறங்கினால் அது நிற்கும்போது பிரஷர் விழும் பிரச்சினை. பிரஷர் அப்படி விழாமல், பெரியவர்களுக்குப் பத்து நிமிடத்துக்குள் நாடி படுக்கையில் இருந்ததைவிட நிமிடத்துக்கு 30 துடிப்பாவது கூடி, அதே அளவில் நீடித்தால் (12 முதல் 19 வயது வரை 40), மூன்று மாதமாவது தொல்லையும் தொடர்ந்தால், 'பாட்ஸ்' என்ற கோளாறை மருத்துவர்கள் யோசிப்பார்கள். அந்தப் பெயர் வழக்கில் வந்தது 1993-இல். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல ஆக்ஸிமீட்டரால் முடியாது.

வாங்கும்போது பட்டையின் அளவைப் பாருங்கள். பெட்டியோடு வருவது பெரும்பாலும் 22 முதல் 32 செ.மீ. சுற்றளவுக்கானது. கை அதைவிடப் பருமனாக இருந்தால் பிரஷர் கூடுதலாகக் காட்டும். தைராய்டு குறைவில் எடை கூடியவர்கள் பலர், எனவே 42 செ.மீ. வரை போகும் பட்டையைக் கேட்டு வாங்குங்கள். மூன்று முறை எடுத்துச் சராசரி காட்டும் வசதி சில மாடல்களில் உண்டு. வழக்கமான பிபிக்கு நல்லது, இந்தச் சோதனைக்கு அது இடைஞ்சல். நடுவில் ஒரு நிமிடம் காத்திருந்து எடுப்பதால், எந்த நிமிடத்தின் நாடி என்றே தெரியாமல் போகும். அதை அணைத்துவிடுங்கள்.

சோதனை இப்படி. காலையில், சாப்பிடும் முன், காபி இல்லாமல், சுடுதண்ணீர்க் குளியலுக்கும் முன். மல்லாந்து பத்து நிமிடம் படுத்து, கடைசி இரண்டு நிமிடத்தில் இரண்டு முறை எடுத்து எழுதுங்கள். பிறகு எழுந்து, சுவரிலிருந்து 15 செ.மீ. தள்ளிக் குதிகாலை வைத்து, தோள்பட்டையை மட்டும் சுவரில் சாய்த்து நில்லுங்கள். 1, 3, 5, 7, 10-ஆம் நிமிடங்களில் எடுங்கள். பேசக்கூடாது, கால் மாற்றி மாற்றி நிற்கக்கூடாது. கெண்டைக்கால் தசை அசைந்தால் இரத்தத்தை மேலே தள்ளிவிடும், ஏறவேண்டிய நாடி ஏறாது. பக்கத்தில் ஓர் ஆளும் ஒரு நாற்காலியும் கட்டாயம். கண் இருட்டினால் அத்தோடு நிறுத்திப் படுத்துவிடுங்கள், பத்து நிமிடத்தை முடிக்கும் வீம்பு வேண்டாம்.

பெரும்பாலும் தப்பு நடப்பது கையில்தான். நிற்கும்போது கையைத் தொங்கவிட்டால் பிரஷர் கூடுதலாகக் காட்டும், விழுந்த பிரஷர் விழாத மாதிரி இருக்கும். பட்டை இருதய மட்டத்தில் இருக்கும்படி, முன்கையை அலமாரித் தட்டிலோ உதவிக்கு நிற்பவர் தோளிலோ தளர்வாக வையுங்கள். இன்னொன்று, நின்ற முதல் சில நொடிகளில் எல்லோருக்கும் நாடி துள்ளும். முதல் நிமிடத்தில் 110-க்குப் போய் மூன்றாம் நிமிடத்தில் 85-க்கு வந்தால் அது கணக்கில்லை.

ஆக்ஸிமீட்டர் ஏன் சறுக்குகிறது? தைராய்டு குறைந்தவர்களின் விரல் பெரும்பாலும் சில்லென்றிருக்கும். நின்றதும் தோலுக்கான இரத்த ஓட்டம் இன்னும் குறையும், சிக்னல் பலவீனமாகும். அடர்ந்த மருதாணியும் நகப்பூச்சும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஸ்மார்ட் வாட்ச் வைத்திருந்தால் உடற்பயிற்சி முறையில் போட்டுப் பயன்படுத்துங்கள். சும்மா கட்டியிருந்தால் சில மாடல்கள் பல நிமிடத்துக்கு ஒருமுறைதான் நாடியைப் பதியும்.

எண்களை எப்படிப் படிப்பது? உதாரணமாக, படுக்கையில் நாடி 72, பிரஷர் 118/76. பத்தாம் நிமிடத்தில் 108, 116/82. நாடி 36 ஏறியிருக்கிறது, பிரஷர் விழவில்லை. படுக்கையிலேயே 98 இருந்து நின்றால் 118 என்றால் கதை வேறு. அங்கே முதல் சந்தேகம் தைராக்ஸின் (தைராய்டு மாத்திரை) டோஸ் மேல்தான், அடுத்தது இரத்தசோகை. மூன்று தனித்தனி நாள் எடுத்த தாளோடு மருத்துவரைப் பாருங்கள். மருத்துவர் கொடுத்த புரோப்ரனலால் போன்ற மாத்திரை போடுகிறவர்களுக்கு நாடி அடங்கித் தெரியும், நீங்களாக நிறுத்தாமல் தாளில் குறித்துவையுங்கள்.

இனி லேப் பேக்கேஜ்கள். வீட்டுக்கே வந்து இரத்தம் எடுக்கும் வசதி நல்லதுதான், ஆனால் மலிவான 'தைராய்டு புரொஃபைல்' பெரும்பாலும் தைராய்டு ஹார்மோன்களான டி3, டி4 இரண்டின் மொத்த அளவையும், தைராய்டைத் தூண்டும் டிஎஸ்ஹெச்சையும் மட்டும் தரும். கர்ப்பத்திலும் கருத்தடை மாத்திரையிலும் மொத்த டி4 தானாகக் கூடும், அதனால் புரதத்தோடு ஒட்டாத டி4-ஐ மட்டும் அளக்கும் எஃப்டி4 கேளுங்கள். இந்தப் புகாருக்கு ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பு), சிபிசி (இரத்த அணுக்களின் எண்ணிக்கை), பி12, ஆன்டி-டிபிஓ (தைராய்டுக்கு எதிரான எதிர்ப்பொருள்) ஆகியவையும் வேண்டும். தைராய்டு குறைவில் மாதவிடாய் அதிகமாகும், இரும்புச் சத்து தேயும், நின்றால் நாடி ஓடும். உடலின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்கும் ஹாஷிமோட்டோ போன்ற தன்னெதிர்ப்பு நோய் பாட்ஸ் உள்ளவர்களிடமும் காணப்படுகிறது. ஒன்று மற்றொன்றை உண்டாக்குகிறது என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. எடை இறங்கி, உப்பு மேல் ஆசை வந்து, தோல் கறுத்து, பிரஷரும் விழுந்தால் அட்ரினல் சுரப்பியின் ஹார்மோனான கார்ட்டிசாலைக் காலை எட்டு மணிக்கு எடுக்கச் சொல்வார்கள். அட்ரினல் குறைவைக் கவனிக்காமல் தைராக்ஸினை ஏற்றுவது ஆபத்து.

இரத்தம் கொடுத்த பிறகு மாத்திரை போடுங்கள், போட்டுவிட்டுக் கொடுத்தால் எஃப்டி4 கூடித் தெரியும். முடிக்கு பயோட்டின் சாப்பிடுகிறவர்கள் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள். சில லேப் கருவிகளில் அது டிஎஸ்ஹெச்சைக் குறைத்தும் எஃப்டி4-ஐக் கூட்டியும் காட்டி, டோஸைத் தப்பாகக் குறைக்க வைக்கும். டோஸ் மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்துத்தான் மறுபடி பார்க்கவேண்டும். இரண்டு வாரத்தில் எடுத்த டிஎஸ்ஹெச்சுக்குக் கொடுத்த காசு வீண்.

துணைப் பொருள்களில் முழங்கால் வரை வரும் வெரிகோஸ் காலுறை நின்றால் வரும் படபடப்புக்கு அவ்வளவாக உதவாது. இரத்தம் தேங்குவது வயிற்றுப் பகுதியிலும்தான், எனவே இடுப்பு வரை வரும், 30 முதல் 40 மி.மீ. பாதரச அழுத்தமுள்ளது வேண்டும். சித்திரை வெயிலில் அதைப் போட்டுப் பார்த்தவர்கள் வயிற்றுப் பட்டைக்கு மாறுவதில் வியப்பில்லை. ஓஆர்எஸ் வாங்கினால் லிட்டருக்கு 20.5 கிராம் கலக்கும் பாக்கெட்டாக வாங்குங்கள். அட்டைப்பெட்டியில் வரும் பழச்சுவைப் பானத்தில் சர்க்கரைதான் தூக்கல். உப்பைக் கூட்டச் சொல்லும் பாட்ஸ் ஆலோசனையை மட்டும் நீங்களாகத் தொடங்காதீர்கள். தைராய்டு குறைவில் கீழ் பிரஷர் ஏறியிருப்பது சகஜம், படுக்கையில் எடுத்த எண்ணிலேயே அது தெரிந்துவிடும்.