ஓடிபி யாருக்கும் சொல்லவில்லை, ஆனாலும் 1,84,000 போய்விட்டது: வாட்ஸ்அப் 'செலான்' ஏபிகே, எச்சரிக்கை

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். அப்பாவின் பென்ஷன் கணக்கிலிருந்து 1,84,000 ரூபாய் ஒரே இரவில் போயிருக்கிறது. 50,000, 50,000, 50,000, கடைசியாக மிச்சமிருந்த 34,000. நான்கும் ஒரு பெரிய ஷாப்பிங் தளத்தில் கிஃப்ட் வவுச்சராக மாறியிருக்கின்றன. புகார் நடப்பதால் தளத்தின் பெயரையும் வங்கியின் பெயரையும் இங்கே போடவில்லை.

'தெரியாத நம்பரைத் திறக்காதீர்கள்' என்று எல்லோரும் சொல்வார்கள். இது தெரிந்த நம்பரிலிருந்து வந்தது. தெருக்காரர்கள் குரூப்பில், எல்லோரும் மதிக்கும் ஒருவர் பெயரில், 'ஆர்டிஓ செலான்', அதாவது போக்குவரத்து அபராத ரசீது, என்று ஒரு ஏபிகே ஃபைல் (பிளே ஸ்டோர் வழியாக இல்லாமல் நேராக ஆப் ஏற்றும் ஆண்ட்ராய்டு ஃபைல்). அவர் அனுப்பவே இல்லை. அவர் ஃபோனில் ஏற்கெனவே ஏறியிருந்த இதே ஆப், எஸ்எம்எஸ்ஸில் வந்த வாட்ஸ்அப் கோடைத் திருடிக் கொடுத்திருக்கிறது. திருடன் வேறொரு ஃபோனில் அவர் கணக்கைத் திறந்து, அவர் இருக்கும் குரூப்புகளுக்கெல்லாம் ஃபைலைத் தள்ளிவிட்டிருக்கிறான். அந்த மனிதர் பெயரைப் பார்த்த பிறகு யார் சந்தேகப்படுவார்கள்?

ஃபைலைத் தொட்டதும் 'அப்டேட் தேவை' என்று ஒரு திரை. சம்மதித்தால் உள்ளே ஒளிந்திருக்கும் இரண்டாவது ஆப் ஏறுகிறது. அது கேட்கும் அனுமதிகளைப் பாருங்கள்: எஸ்எம்எஸ் படிக்க, எஸ்எம்எஸ் அனுப்ப, நோட்டிஃபிகேஷன் பார்க்க, பேட்டரி சேமிப்பில் அணையாமல் பின்னால் ஓட. அபராதம் காட்டும் ஆப்புக்கு எஸ்எம்எஸ் அனுப்பும் வேலை எதற்கு? அடுத்து, 'சரிபார்ப்புக்கு 1 ரூபாய்' என்று அரசாங்கத்தின் பரிவாகன் போக்குவரத்துத் தளம் மாதிரியே ஒரு பக்கம். கார்டு எண், காலாவதி மாதம், சிவிவி மூன்றையும் கேட்கும். போட்டதும் 'சர்வர் பிசி' என்று சொல்லிவிட்டு ஐகானோடு மறைந்துவிடும். ஆப் போய்விட்டது என்று நினைத்துவிடுவோம். போகவில்லை.

ராத்திரி எல்லோரும் தூங்கும் நேரத்தில் வவுச்சர் வாங்குகிறார்கள். வங்கி அனுப்பும் ஓடிபி அப்பாவின் ஃபோனுக்குத்தான் வருகிறது. ஆப் அதைப் படித்து இணையம் வழியாக அனுப்பிவிட்டு அதன் நோட்டிஃபிகேஷனை மறைத்துவிடுகிறது. யாரும் ஃபோன் செய்யவில்லை, யாரிடமும் எதையும் சொல்லவில்லை. 'ஓடிபியைப் பகிராதீர்கள்' என்று வருஷக்கணக்காக ஓதிக்கொண்டிருக்கும் விளம்பரம் இந்த வகைத் திருட்டுக்கு ஒரு பைசாவுக்கும் உதவாது.

இனி வங்கியின் பதில். "ஓடிபி கரெக்டா என்டர் ஆகியிருக்கு சார், சக்சஸ்ஃபுல் ட்ரான்சாக்‌ஷன்." அதாவது நீங்கள்தான் கொடுத்தீர்கள் என்கிறார்கள். கஸ்டமர் கேர் 'ஹோம் பிராஞ்ச் போங்க' என்கிறது, பிராஞ்ச் 'கஸ்டமர் கேர்ல டிக்கெட் போடுங்க' என்கிறது. ஷாப்பிங் தளத்தில் பேசுவதற்கு மனிதரே இல்லை. சாட் பெட்டி 'வவுச்சர் ரிடீம் ஆகிவிட்டது, யார் பயன்படுத்தினார் என்பதைத் தனியுரிமை காரணமாகச் சொல்ல இயலாது' என்கிறது. திருடனுக்குத் தனியுரிமை! நடு ராத்திரியில், 1,84,000 ரூபாய்க்கு, ஒரு ஓய்வூதியக் கணக்கிலிருந்து வரிசையாக வவுச்சர் வாங்குவது இவர்கள் யாருடைய கம்ப்யூட்டருக்கும் வித்தியாசமாகப் படவில்லை.

வயசானவர்கள்தான் ஏமாறுவார்கள் என்று கமென்ட் போட வருபவர்களுக்கு: 2024இல் வர்த்மான் ஜவுளிக் குழுமத் தலைவர் எஸ்.பி. ஓஸ்வாலிடம் போலி உச்ச நீதிமன்ற விசாரணையையே வீடியோ காலில் நடத்திக் காட்டி 7 கோடி பறித்தார்கள். 2018 ஆகஸ்டில் புனே காஸ்மாஸ் வங்கியிடமிருந்தே சுமார் 94 கோடி போனது.

வங்கி சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன். 2017 ஜூலை 6 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கைப்படி, நம் சம்மதமில்லாத பரிவர்த்தனையில் தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் பொறுப்பு வங்கிக்குத்தான். தவறு வங்கியிடமும் இல்லை, நம்மிடமும் இல்லை, வேறெங்கோ என்றால், தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் புகார் சொன்னவருக்கு இழப்பு பூஜ்யம். நம் அஜாக்கிரதை என்றே வைத்துக்கொண்டாலும், புகார் சொன்ன பிறகு போகும் பணம் வங்கியின் தலையில். ஆகவே வாய்வார்த்தையில் விடாமல் மெயிலில் எழுதி, நேரம் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால், அல்லது பதில் திருப்தியில்லையென்றால், ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மேனுக்கு (குறைதீர்ப்பாளர்) கட்டணமில்லாமல் ஆன்லைனில் போடலாம். நான் போடப் போகிறேன்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமையில்லை. முக்கியமானதை மட்டும்:

ஏபிகே ஏறிவிட்டது என்று தெரிந்தால் முதலில் ஏரோப்ளேன் மோடு, வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். நெட்டும் சிக்னலும் இல்லாவிட்டால் ஓடிபி வெளியே போகாது. வேறு ஃபோனிலிருந்து வங்கிக்குச் சொல்லி கார்டை முடக்குங்கள், உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் பேசுங்கள். பரிவர்த்தனை எண், தேதி, தொகை கேட்பார்கள், யுபிஐ என்றால் 12 இலக்க எண். பணம் அடுத்த கணக்கிலேயே நின்றால் பிடித்துவைப்பார்கள். வவுச்சராக மாறிச் செலவாகிவிட்டால் கஷ்டம்.

ஐகான் இல்லாவிட்டாலும் செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியல் முழுவதையும் பாருங்கள். அன்இன்ஸ்டால் மங்கலாக இருந்தால் டிவைஸ் அட்மினில் அதன் அனுமதியை எடுத்த பிறகு நீக்குங்கள். பாஸ்வேர்டு மாற்றுவதை அந்த ஃபோனில் செய்யாதீர்கள்.

பெரியவர்கள் ஃபோனில் இன்றைக்கே: செட்டிங்ஸில் ஸ்பெஷல் ஆப் அக்சஸ், இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ், அதில் வாட்ஸ்அப், குரோம் இரண்டையும் அணையுங்கள். வாட்ஸ்அப்பில் டூ ஸ்டெப் பின் போடுங்கள். வங்கி ஆப்பில் கார்டின் ஆன்லைன் பயன்பாட்டை அணைத்து வையுங்கள், 2020 அக்டோபரிலிருந்து அந்த ஸ்விட்ச் தர வேண்டியது வங்கியின் கடமை. அப்பாவின் கார்டில் இருந்த லிமிட் அவர் கேட்டு வைத்ததல்ல, வங்கி தானாக வைத்தது.

செலான் உண்மையா என்று பரிவாகன் தளத்துக்கு நேராகப் போய்ப் பாருங்கள். அரசாங்கம் யாருக்கும் ஏபிகே அனுப்புவதில்லை. ஃபோனை ஃபேக்டரி ரீசெட் செய்வதற்கு முன்னால் அந்த மெசேஜ், ஃபைல் பெயர், ஆப்பின் அனுமதிப் பக்கம் எல்லாவற்றையும் வேறு ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். போலீஸ் கேட்பது அதைத்தான்.