கானோரத்து வெள்ளை இஞ்சிப்பூ: பல ஆண்டு வளர்ப்பு அனுபவம்

இலங்கை மலையகத்தின் ஹட்டன் பக்கத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்திலுள்ள எங்கள் வீட்டின் பின்புறத்தில், பீலித் (குழாய் ஊற்று) தண்ணீர் வடிந்து செல்லும் கானின் (வடிகாலின்) ஓரமாக வெள்ளை இஞ்சிப்பூச் செடியைப் பல ஆண்டுகளாக வளர்த்து வருகிறேன். ரோஜாவின் வேர் அழுகிப்போகும் அந்த ஈரமண்ணில், தென்மேல் பருவப்பெயர்ச்சி மழை வாரக்கணக்கில் கொட்டினாலும் வாடாமல் நிற்கும் பூச்செடி இது ஒன்றுதான்.

தாவரவியலில் ஹெடிச்சியம் கொரோனாரியம் எனப்படும் இச்செடி இஞ்சி, மஞ்சள், ஏலம் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. இமயமலையின் கிழக்குச் சாரலும் அதனை அண்டிய பகுதிகளும் இதன் தாயகமாகையால், நமது மூடுபனியும் குளிரும் இதற்குப் புதியவை அல்ல. நுவரெலியாவைப் போல உறைபனி விழும் இடங்களில் இலைகள் கருகினாலும், நிலத்துக்குள் இருக்கும் கிழங்கு பிழைத்து மறுபடியும் தளிர்க்கும்.

நடுவது மிக எளிது. இரண்டு மூன்று முளைகள் உள்ள கிழங்குத் துண்டை, முளை மேல்நோக்கி இருக்குமாறு, 5 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு மேற்படாமல் புதைத்தால் போதும். ஆனால் இடத்தைத் தெரிவு செய்வதில்தான் எவ்வளவு பூக்கும் என்பது அடங்கியிருக்கிறது: காலை வெயில் விழுந்து பிற்பகலில் நிழல் கிடைக்கும் பக்கத்துச் செடிகள் நிறையப் பூக்கின்றன, சவுக்கு மரத்தின் அடர்ந்த நிழலில் நிற்பவையோ ஆள் உயரத்துக்கு இலையாகவே வளர்ந்துவிடுகின்றன. கூட்டெருவும் மாட்டெருவும் தவிர வேறு உரம் நான் இடுவதில்லை. சனவரி முதல் மார்ச் வரையிலான வறட்சியில் இலை நுனிகள் காய்வதால், அம்மாதங்களில் மட்டும் அடியில் மானாப்புல்லை வெட்டிப் பரப்பி ஈரத்தைக் காக்கிறேன்.

தண்டின் உச்சியில் பச்சைச் செதில்கள் அடுக்கடுக்காய் அமைந்த கதிர் தோன்றி, ஒவ்வொரு செதிலுக்குள்ளிருந்தும் பூக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவரும். ஒரு பூவின் ஆயுள் ஏறத்தாழ ஒரு நாளே என்றாலும், கதிர் சில வாரங்களுக்குத் தொடர்ந்து பூத்துக்கொண்டிருக்கும். மாலை மங்கியதும் வாசனை கூடுவதற்குக் காரணம், நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட இரவு விட்டில்களை அது அழைப்பதே. மல்லிகையை விடக் கனமான அந்த மணத்தைப் படுக்கையறை யன்னலுக்கு அருகில் தாங்க முடியாதவர்களும் உண்டு. எங்கள் வீட்டிலேயே ஒருவர் இருக்கிறார். பூச்சாடியில் வைப்பதற்கு இப்பூவை நான் பரிந்துரைக்கமாட்டேன், ஏனெனில் விரல் பட்ட இடமெல்லாம் இதழ் பழுப்பேறிவிடும். சாமிப்படத்துக்கும் கொண்டைக்கும் மாலையில் பறித்தால் போதுமானது.

பராமரிப்பில் தவறவே கூடாத வேலை, பூத்து முடிந்த தண்டை அடியோடு அறுத்துவிடுவது. ஒரு தண்டு ஒரு முறைதான் பூக்கும். அதை விட்டுவைத்தால் புதிய முளைக்குரிய இடமும் வெளிச்சமும் வீணாகும். தேயிலைக்குச் செய்வதைப் போல எல்லாவற்றையும் ஒரே உயரத்தில் கவ்வாத்து வெட்ட நினைப்பவர்கள், பூக்கவிருக்கும் தண்டுகளையும் சேர்த்து இழந்துவிடுவார்கள். மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒரு தடவை கிழங்குத் திரளைக் கிளறிப் பிரிக்காவிட்டால் நடுப்பகுதி வெறுமையாகி, பூ ஓரங்களில் மட்டுமே வரும்.

குறை என்று சொன்னால் இதன் பரவும் குணத்தைத்தான் சொல்ல வேண்டும். பிரேசிலிலும் ஹவாயிலும் நீரோடைக் கரைகளை இச்செடி ஆக்கிரமித்துள்ளது. நீரில் அடித்துச் செல்லப்படும் சிறு கிழங்குத் துண்டும் ஒதுங்கிய இடத்தில் வேர்விடும். எங்கள் கான் ஓடையில் கலக்காமல் மரக்கறிப் பாத்தியிலேயே முடிவதால்தான் அதன் ஓரத்தில் துணிந்து வளர்க்கிறேன். மஞ்சள் இதழும் சிவந்த மகரந்தத் தாளும் கொண்ட இதன் உறவினமான ஹெடிச்சியம் கார்ட்னேரியானம் உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இடம்பெற்றது. அதன் விதைகளைப் பறவைகளும் காடுகளுக்குள் கொண்டு செல்வதால், எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை நான் வளர்ப்பதில்லை. பிரித்தெடுக்கும்போது மிஞ்சும் வெள்ளைப்பூக் கிழங்குகளையும் குப்பைமேட்டில் எறியாமல், தகரத்தின் மேல் பரப்பிச் சுருங்கும்வரை காயவைத்து எரித்துவிடுகிறேன். கிழங்கு கேட்டு வரும் அயலவர்களிடம் எங்கே நடப்போகிறார்கள் என்று முதலில் விசாரிப்பேன். ஆற்றோரம் என்றால் கொடுப்பதில்லை.