மூட்டு வலிக்கு வாங்கிய மஞ்சள் கேப்சூல்: சரக்கு பரவாயில்லை, லேபிள் போதாது

அம்மாவின் முழங்கால் வலிக்காகப் பக்கத்து மருந்துக்கடையில் வாங்கினோம். 60 கேப்சூல், காலையும் இரவும் சாப்பிட்டபின் ஒவ்வொன்று. பலன் இருக்கிறதா என்றால், ஓரளவு இருக்கிறது, படி இறங்கும்போது முன்னைப்போல் வலி இல்லை என்கிறார் அம்மா. மூடி இறுக்கமாக இருக்கிறது, வாடை இல்லை, கேப்சூல் தொண்டையில் சிக்கவும் இல்லை.

என் குறை லேபிளில். முன்பக்கம் பெரிய எழுத்தில் "100 சதவீதம் இயற்கை". பக்கவாட்டில் பொடி எழுத்தில்தான் முக்கியமான விஷயமே இருக்கிறது: ஒரு கேப்சூலில் 500 மில்லிகிராம் மஞ்சள் சாறு, அதில் 95 சதவீதம் குர்குமின் (மஞ்சளில் வேலை செய்யும் முக்கியப் பொருள்), கூடவே 5 மில்லிகிராம் மிளகுச் சாறு. அதாவது 475 மில்லிகிராம் குர்குமின். நாம் குழம்பில் போடும் மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான், அப்படியானால் ஒரு கேப்சூலுக்கு ஈடாக ஏறக்குறைய 16 கிராம் தூள் வேண்டும், அவ்வளவு மஞ்சளை எந்த வீட்டிலாவது ஒரு வேளைக் குழம்பில் கொட்டுவோமா? உணவில் சேர்க்கும் குர்குமினுக்கு உலக சுகாதார நிறுவனமும் ஐநா உணவு அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு வைத்த தினசரி வரம்பு உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம், 60 கிலோ ஆளுக்கு 180. ஒரே கேப்சூல் அதைத் தாண்டிவிடுகிறது.

அந்த மிளகும் சும்மா சேர்த்ததல்ல. குர்குமின் தனியாகப் போனால் ரத்தத்தில் அதிகம் சேராது, மிளகிலுள்ள பைபரின் அதைச் சேரவைக்கிறது. அதே பைபரின், வலிப்புக்குப் போடும் ஃபெனிடோயின் மாதிரி வேறு மருந்துகளின் அளவையும் ரத்தத்தில் கூட்டிவிடும். 2023-இல் ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மஞ்சள் மாத்திரைகளால் அரிதாகக் கல்லீரல் பாதிப்பு வரலாம் என்று எச்சரித்தபோது, உடலில் அதிகம் சேரும்படி தயாரித்தவற்றையும் அதிக அளவு கொண்டவற்றையும் தனியாகக் குறிப்பிட்டது. சமையலில் சேரும் மஞ்சளுக்கு அந்த எச்சரிக்கை இல்லை.

அம்மா பிரஷர் மாத்திரை மட்டும் போடுகிறார், டாக்டரிடம் பாட்டிலைக் காட்டிக் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தோம். ஆனால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்த எதிர்வீட்டு அக்கா அதே கடையில் இதையே கேட்டபோது, வேறு என்ன மருந்து போடுகிறீர்கள் என்று ஒரு கேள்வி இல்லை, எடுத்துக் கொடுத்துவிட்டார்கள்! ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல், வார்ஃபரின் போடுகிறவர்களுக்கு இதோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு ஆபத்து கூடலாம். நான் சொன்னதும் அக்கா பாட்டிலைத் திறக்காமல் வைத்துவிட்டார், அடுத்த செக்கப்புக்கு அதையும் எடுத்துப்போகிறார்.

பித்தப்பையில் கல் இருப்பவர்கள் தொடவே வேண்டாம், குர்குமின் பித்தப்பையைச் சுருங்க வைக்கும். கர்ப்பிணிகளுக்கும் வேண்டாம். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள் சர்க்கரை இறங்கிவிடாமல் பார்க்க வேண்டும், ஆபரேஷன் தேதி குறித்திருந்தால் இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிடுவது நல்லது. அப்புறம் இதைப் போடும் யாருக்காவது சிறுநீர் கருத்துப் போனாலோ, கண் மஞ்சளித்தாலோ, காரணமில்லாமல் அரித்தாலோ, பசி அற்றுப்போனாலோ அன்றே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள்.

இதில் ஒன்றுகூட பாட்டிலில் இல்லை, "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்று அடியில் ஒரு வரி மட்டும் இருக்கிறது, கடையில் விற்பதோ மூட்டு வலிக்கென்று சொல்லித்தான். கேப்சூலுக்கு நான்கு நட்சத்திரம் கொடுப்பேன், லேபிளுக்கும் கடைக்கும் சேர்த்து ஒன்று.