மூன்று இயங்குதளங்கள், ஒரே அமைப்புகள்: ஹோம் கோப்புறை பற்றிய நீண்டகால அனுபவம்

நாகர்கோவிலில் உள்ள எங்கள் அச்சக வடிவமைப்புக் கூடத்திலும் மார்த்தாண்டம் கிளையிலும் லினக்ஸ், விண்டோஸ், மேக் ஆகிய மூன்றும் பயன்பாட்டில் உள்ளன. கோயில் கொடை நோட்டீசோ தேவாலயத் திருவிழா அழைப்பிதழோ ஒரு கணினியில் தொடங்கி இன்னொன்றில் முடிவது வழக்கம் என்பதால், படங்களைத் திருத்தும் கிம்ப், கோட்டோவியம் வரையும் இங்க்ஸ்கேப், அலுவலக ஆவணங்களுக்கான லிப்ரெஓபிஸ் ஆகியவற்றோடு நாங்கள் பைத்தானில் எழுதிய பெயர்ப்பட்டியல் நிரலும் எங்கும் ஒரே அமைப்புகளோடு இயங்க வேண்டும். ஒரு மென்பொருள் வேறொரு இயங்குதளத்துக்கு எவ்வளவு அக்கறையோடு கொண்டுசெல்லப்பட்டிருக்கிறது என்பதை, அது தன் அமைப்புகளை எங்கே வைக்கிறது என்பதைக் கொண்டே நான் மதிப்பிடுகிறேன்.

லினக்ஸில் சிக்கல் குறைவு. பெயர் புள்ளியில் தொடங்கும் அமைப்புக் கோப்புகள், ஒரு பயனரின் சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோம் கோப்புறையை நிறைத்த பழைய வழக்கத்துக்கு மாற்றாக, அமைப்பு, தரவு, தற்காலிகச் சேமிப்பு ஆகியவற்றைத் தனித்தனி இடங்களில் வைக்கும் எக்ஸ்டிஜி என்ற பொது வரையறை 2003 முதல் இருக்கிறது. 2018இல் வெளிவந்த கிம்ப் 2.10 இந்த முறைக்கு மாறியபின், எதைக் காப்புப்பிரதி எடுக்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பது தெளிவாயிற்று.

விண்டோஸில்தான் குழப்பம் மிகுதி. அங்கே ஹோம் கோப்புறை எங்கே என்று மென்பொருள்களுக்குச் சொல்லும் ஹோம் என்ற சூழல் மாறி (இயங்குதளம் பெயரிட்டு வைத்திருக்கும் மதிப்பு) இயல்பாக அமைக்கப்படுவதில்லை. ஆகவே லினக்ஸின் முன்னோடியான யுனிக்ஸ் மரபில் பிறந்த ஒவ்வொரு மென்பொருளும் தானாக ஓர் இடத்தை ஊகிக்கிறது. கோப்புகளின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் மென்பொருளின் விண்டோஸ் பதிப்பு பயனர் கோப்புறையையே ஹோமாகக் கொள்ள, உரைத் தொகுப்பியான ஈமேக்ஸ் அதனுள் மென்பொருள்களின் அமைப்புகளுக்காக இருக்கும் ஆப்டேட்டா ரோமிங் கோப்புறையைக் கொள்கிறது. ஈமேக்ஸுக்குள்ளிருந்து கிட்டை இயக்கினால் அந்த ஊகமே கிட்டுக்கும் கடந்து, வழக்கமான இடத்து அமைப்புக் கோப்பில் இருக்கும் நம் பெயரும் மின்னஞ்சலும் அதன் கண்ணில் படுவதில்லை. ஹோம் மாறியை நாமே வெளிப்படையாக அமைத்துவிட்டால் இவை இரண்டும் ஒத்துப்போகும். ஆனால் பைத்தான் 3.8 முதல் விண்டோஸில் பயனர் கோப்புறையைக் கண்டறிய அந்த மாறியைப் பார்ப்பதே இல்லை. அதனால் எங்கள் நிரலில் அமைப்புகளுக்கு ஆப்டேட்டாவையும் தற்காலிகக் கோப்புகளுக்கு லோக்கல் ஆப்டேட்டாவையும் நேரடியாகக் கேட்டுப் பெறுகிறோம்.

தமிழருக்கே உரிய சிக்கல் ஒன்று இதைவிடப் பெரியது. பயனர் கணக்கைத் தமிழ்ப் பெயரில் தொடங்கினால் ஹோம் கோப்புறையின் பெயரும் தமிழிலேயே அமைகிறது. விண்டோஸில் தமிழுக்குப் பழைய ஆன்சி குறிப்பக்கம் (யூனிகோடுக்கு முந்தைய எழுத்துக் குறியீட்டு அட்டவணை) கிடையாது. ஆகவே அந்த அட்டவணையை நம்பி இயங்குதளத்தைக் கேட்கும் பழைய அழைப்புகளைப் பயன்படுத்தும் மென்பொருள் பாதையில் கேள்விக்குறிகளை மட்டுமே கண்டு, தன் அமைப்புக் கோப்பைத் திறக்க இயலாமல் நிற்கிறது. கணக்கின் பெயரைப் பிறகு மாற்றினாலும் கோப்புறையின் பெயர் மாறுவதில்லை. யூனிகோடு அழைப்புகளைப் பயன்படுத்துவதே முறையான தீர்வு. விண்டோஸ் 10இன் 1903 பதிப்பிலிருந்து, யூடிஎஃப்-8 என்ற யூனிகோடு குறியாக்கம் வேண்டும் என்று நிரலே அறிவித்துக்கொள்ளவும் வழி உண்டு. தன் பெயரைத் தன் மொழியில் எழுதியவரை ஆங்கிலக் கணக்கு தொடங்கச் சொல்லி அனுப்புவது சரியான விடை ஆகாது.

மேக்கில் அமைப்புகள் இருக்கும் அப்ளிகேஷன் சப்போர்ட் என்ற பாதையின் நடுவே இடைவெளி இருப்பதால், மேற்கோள் குறியின்றி எழுதப்பட்ட ஷெல் நிரல்கள் (கட்டளைத் தொடர்கள்) அங்கே முறிகின்றன. இதைவிட நுட்பமானது ஒகர உயிர்மெய்ச் சிக்கல். ‘கொடை’ என்று பெயரிட்ட வார்ப்புருவில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் குறியும் காலும் சேர்ந்த இரு குறியீடுகளாகவும் எழுதலாம். மேக்கின் பழைய கோப்பு முறைமையான எச்எஃப்எஸ் பிளஸ் அதைப் பிரித்தே சேமித்தது. லினக்ஸின் கோப்பு முறைமையான ஈஎக்ஸ்டி4 இரண்டையும் வெவ்வேறு பெயர்களாகக் கருதுவதால், நகலெடுத்தபின் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரு கோப்புகள் அருகருகே நிற்கும். குழித்துறைப் பக்கத்து வாடிக்கையாளர்களுக்கான மலையாள வார்ப்புருக்களுக்கும் இது பொருந்தும்.

லிப்ரெஓபிஸின் பயனர் கோப்புறையை முழுதாக ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதில் பழைய கணினியின் முழுப் பாதைகளும் பதிந்திருக்கும். வார்ப்புருக்களையும் சொந்த அகராதியையும் மட்டும் எடுத்துச்சென்றால் போதும்.

இங்க்ஸ்கேப், விருப்பத்தேர்வுகளின் சிஸ்டம் பகுதியில், தான் பயன்படுத்தும் கோப்புறைகளின் முழுப் பாதைகளையும் காட்டி, அவற்றைத் திறக்கும் பொத்தானையும் தருகிறது. மார்த்தாண்டத்திலிருந்து சக ஊழியர் தொலைபேசியில் அழைக்கும்போது அந்தப் பாதையை அவர் வாசித்துச் சொன்னால் பாதி வேலை முடிந்துவிடுகிறது. கொண்டுசெல்லப்படும் ஒவ்வொரு மென்பொருளிலும் இந்த வசதி முதல் பதிப்பிலேயே இருக்க வேண்டும் என்பது என் கோரிக்கை.