விஸ்கோன்டி-ஸ்ஃபோர்சா டாரோ மறுபதிப்பு: படங்கள் அற்புதம், கையேடு வேண்டாம்

டாரோ சீட்டு என்றாலே ஜோசியம்தான் என்று இருப்பவர்கள் இந்தச் சீட்டுக்கட்டை ஒரு தடவையாவது புரட்டிப் பார்க்க வேண்டும். 15-ஆம் நூற்றாண்டின் நடுவில் இத்தாலியின் மிலானை ஆண்ட விஸ்கோன்டி, ஸ்ஃபோர்சா குடும்பத்துக்காகக் கையால் வரைந்த சீட்டுகளின் மறுபதிப்பு இது. அன்றைக்கு இவை விளையாடுகிற சீட்டுகள். குறி பார்ப்பது பரவியதெல்லாம் 18-ஆம் நூற்றாண்டில்தான்.

அச்சில் எனக்கு ரொம்பப் பிடித்தது, மூலச் சீட்டுகளின் மேல்விளிம்பில் இருக்கும் ஆணி ஓட்டை, உதிர்ந்துபோன வண்ணம் எதையும் பூசி மறைக்காமல் விட்டிருப்பது. தங்கம்தான் ஏமாற்றம். மூலத்தில் தங்கரேக்கு ஒட்டி அதன்மேல் புள்ளி புள்ளியாகக் குத்தி வேலைப்பாடு செய்திருப்பார்கள், இங்கே அது மங்கலான பழுப்பு மஞ்சளாக இறங்கியிருக்கிறது.

எந்தப் படத்திலும் எண்ணோ பெயரோ கிடையாது, அதனால் படத்தை நிஜமாகவே பார்க்க வேண்டியிருக்கிறது. ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்குகிறவனை எடுத்துக்கொள்ளுங்கள். தியாகம், ஞானம் என்று பின்னால் வந்தவர்கள் பொருள் சொன்னார்கள், ஆனால் அன்றைய இத்தாலியில் துரோகிகளை இப்படித் தலைகீழாகப் பொதுச் சுவரில் வரைந்து மானத்தை வாங்குவது வழக்கம், சில பழைய பட்டியல்களில் இந்தச் சீட்டின் பெயரே துரோகி. அப்புறம் அந்தத் துறவிக் கிழவர். பிற்காலக் கட்டுகளில் அவர் கையில் விளக்கு இருக்கும். இதில் மணற்கடிகாரம், அதாவது அவர்தான் காலம்.

78 சீட்டில் 74 மட்டுமே மிஞ்சியிருக்கின்றன: நியூயார்க் மார்கன் நூலகத்தில் 35, பெர்காமோ கர்ராரா அகாடமியில் 26, கொல்லியோனி குடும்பத்திடம் 13. சாத்தான், கோபுரம், வாள் மூன்று, நாணயக் குதிரைவீரன் என்ற சீட்டுகள் இல்லை. அந்த நான்கையும் புதிதாக வரைந்து சேர்த்ததில் தப்பில்லை, ஆனால் செயற்கையாகக் கறையும் கீறலும் போட்டுப் பழசு மாதிரி காட்டியது சரியில்லை. பின்பக்கத்தில் ஒரு சின்னக் குறியாவது வைத்திருக்கலாம்.

கையேடு இன்னும் மோசம். டாரோ எகிப்தியர்களின் ரகசிய நூல் என்ற பழைய கதையையே அளக்கிறது. அது 1781-இல் பாரிஸில் கூர் த ஜெபெலன் என்ற எழுத்தாளர் கிளப்பிவிட்டது, ஆனால் எகிப்தியச் சித்திர எழுத்துகளைப் படிக்கும் வழியைப் பிரெஞ்சு அறிஞர் ஷாம்பொலியோன் அறிவித்ததே 1822-இல்தான்!

சீட்டு 17 சென்டிமீட்டருக்கு மேல் நீளம், சிறிய கைக்குக் கலைப்பது கஷ்டம். குறி பார்க்கப் பழகுகிறவர்கள் 1909-இல் வந்த ரைடர்-வெய்ட் வகைக் கட்டையே வாங்கலாம். ஓவியமும் வரலாறும் பிடிக்கும் என்றால், தங்கம் மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, இதைத் தாராளமாக வாங்குங்கள்.