வேலூருக்கு எந்த விமான நிலையம்? கிலோமீட்டரை விட ஸ்லாட்தான் கணக்கு

காந்தி ரோட்டில் டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். வருகிறவர்களில் பாதிக்கு மேல் சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்கு வந்த வங்காளிகள். "தாதா (அண்ணா), சென்னை கிட்டேயா, பெங்களூர் கிட்டேயா?" என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வி. சென்னை நிலையம் இருக்கும் மீனம்பாக்கம் சுமார் 130 கிலோமீட்டர், பெங்களூர் நிலையம் இருக்கும் தேவனஹள்ளி 200-க்கு மேல் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆனால் நான் திருப்பி ஒன்று கேட்பேன்: விமானம் எத்தனை மணிக்கு இறங்கும்?

அப்படிக் கேட்க வைத்தது ஒரு குடும்பம். கொல்கத்தாவிலிருந்து ஒரு பெரியவர், அவர் மனைவி, மருமகன். காலையில் கிளம்பி மதியத்துக்கு முன் சென்னையில் இறங்கும் விமானத்தில் போட்டுக் கொடுத்தேன். அக்டோபர் கடைசி ஞாயிறு தாண்டியதும் அந்த விமானத்தை இரவு பத்தரைக்கு மாற்றிவிட்டார்கள். காரில் வேலூர் வந்து சேர்ந்தபோது மணி இரண்டு. பாபுராவ் தெருவில் லாட்ஜ் லாட்ஜாகக் கதவைத் தட்டியிருக்கிறார்கள். காலை எட்டு மணிக்கு டாக்டரைப் பார்க்க வேண்டும். அந்தப் பெரியவர் உட்கார முடியாமல் என் கடை பெஞ்சில் சாய்ந்து படுத்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அதற்கப்புறம்தான் இந்த நேரத்தை யார் முடிவு செய்கிறார்கள் என்று தேடிப் படித்தேன்.

நெரிசலான நிலையத்தில் விமானம் இன்ன நேரத்தில் இறங்கலாம், இன்ன நேரத்தில் ஏறலாம் என்று கொடுக்கும் அனுமதிதான் ஸ்லாட். வருஷத்துக்கு இரண்டு பருவம்: மார்ச் கடைசி ஞாயிறு முதல் கோடைக்கால அட்டவணை, அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் குளிர்கால அட்டவணை. உலக அளவில் பின்பற்றப்படும் விதிப்படி, ஒரு பருவத்தில் 80 சதவீதத்துக்குக் குறையாமல் பயன்படுத்தினால், அதே ஸ்லாட் அடுத்த ஆண்டும் அதே கம்பெனிக்கு. இதனால் காலை ஏழு மணி, மாலை ஆறு மணி போன்ற நல்ல நேரங்கள் பழைய கம்பெனிகளிடமே தங்கிவிடுகின்றன. புதிதாக வருகிறவருக்கு மிச்சம் மீதிதான். அதுவும் ஒரு முனையில் கிடைத்தால் போதாது. கொல்கத்தாவில் புறப்படவும் வேண்டும், சென்னையில் இறங்கவும் வேண்டும். இரண்டு நேரமும் பொருந்த வேண்டும்.

விமானத்துக்குப் பஞ்சமில்லை. 2023-இல் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது, இண்டிகோ ஒரே தடவையில் 500. வாங்குகிற விமானத்தை நல்ல நேரத்தில் இறக்க இடம் வேண்டுமே. மும்பையில் நெரிசல் தாங்காமல், 2024 பிப்ரவரியில் உச்ச நேரத்தில் மணிக்கு 46 விமானம் என்றிருந்த எண்ணிக்கையை 44 ஆகக் குறைக்கச் சொன்னது அரசு. லண்டன் ஹீத்ரோவில் ஒரு ஜோடி ஸ்லாட்டுக்கு ஓமன் ஏர் 7.5 கோடி டாலர் கொடுத்ததாக 2016-இல் செய்தி வந்தது. நம் நாட்டிலோ, 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றதும் அதன் ஸ்லாட்டுகள் மற்ற கம்பெனிகளுக்குப் போய்விட்டன. அதை மறுபடி பறக்க வைக்க முயன்றவர்களுக்கு அந்தப் பழைய நேரங்கள் திரும்பக் கிடைக்கும் என்ற உறுதி இல்லாமல் போனது.

இப்போது சென்னை. இரண்டு ஓடுதளம் உண்டு என்று பெருமையாகச் சொல்வோம். ஆனால் அவை ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகின்றன. ஒன்றில் விமானம் இறங்கும்போது மற்றொன்றைத் தனியாக ஓட்ட முடியாது. சுற்றிலும் அடையாறு, பரங்கிமலை, கொளப்பாக்கத்து வீடுகள். இணையாக இன்னொன்று போட நிலமே இல்லை. ஆகவே இங்கே விமானக் கம்பெனி வளர வழி இரண்டுதான்: உள்ள ஸ்லாட்டில் பெரிய விமானத்தை விடுவது, அல்லது யாருக்கும் வேண்டாத நேரத்தில் இறங்குவது. என் வாடிக்கையாளர்களுக்கு இரவு பத்தரை வாய்த்தது இந்த இரண்டாவது வழியால்தான் என்று நினைக்கிறேன்.

பெங்களூரில் நிலைமை வேறு. 2008-இல் திறந்த நிலையம். 2019 டிசம்பரில் இரண்டாவது ஓடுதளம் வந்தது, முதலாவதற்கு இணையாக. இரண்டாவது முனையமும் 2023 முதல் இயங்குகிறது. அதனால் ஒரே ஊருக்கு ஒரே நாளில் பல நேரங்களில் விமானம் கிடைக்கிறது. வேலூர்க்காரர்கள் செய்யும் ஒரு தப்பைச் சொல்லிவிடுகிறேன்: கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் போய் பெங்களூர் நகரத்துக்குள் மாட்டிக்கொள்வது. காட்பாடியிலிருந்து சித்தூர், பலமநேர், முல்பாகல், கோலார் வழியாகப் போனால் ஊருக்குள் நுழையாமலே தேவனஹள்ளி போகலாம். அப்படியும் நாலு மணி நேரத்துக்குக் குறையாது. எலும்பு முறிவோடு வருகிறவரையோ கீமோ முடிந்து திரும்புகிறவரையோ அவ்வளவு நேரம் காரில் உட்கார வைக்க எனக்கு மனசு வராது.

திருப்பதி ரேணிகுண்டா கிட்டத்தில்தான் இருக்கிறது. நெரிசலும் இல்லை. ஆனால் போகும் ஊர்கள் குறைவு. ஹைதராபாத்தில் மாறித்தான் பெரும்பாலும் போக வேண்டும். சின்னப் பையோடு தனியாகப் போகிற வி.ஐ.டி. மாணவருக்குச் சரி, நோயாளிக்கு வேண்டாம்.

அப்துல்லாபுரத்துக்கு வருவோம். எங்கள் ஊர் ஓடுதளம் வெள்ளைக்காரன் காலத்தது. சின்ன ஊர்களுக்கும் விமானம் விட மத்திய அரசு கொண்டுவந்த உடான் திட்டத்தில் சேர்த்துச் சீரமைத்தார்கள். நீளம் குறைவு என்பதால் 19 பேர் உட்காரும் விமானத்துக்குத்தான் தோதுப்படும். ஊரில் எல்லோரும் கேட்பது, சென்னைக்கு எப்போது விமானம் விடுவார்கள் என்பதைத்தான். நான் அதற்கு எதிர்க்கட்சி. காரணம் ஸ்லாட்தான். 19 பேர் விமானம் இறங்கினாலும் ஒரு ஸ்லாட், 232 பேர் ஏறும் ஏர்பஸ் ஏ321 இறங்கினாலும் ஒரு ஸ்லாட். சொல்லப்போனால் சின்ன விமானம் அதிக இடம் கேட்கும். பெரிய விமானம் கிழித்துவிட்டுப் போகும் காற்றுச் சுழலில் அது புரண்டுவிடக் கூடாது என்று, ஏ320 போன்ற விமானத்துக்குப் பின்னால் டோர்னியர் போன்ற இலகு ரக விமானம் வந்தால் 5 கடல் மைல் இடைவெளி விடச் சொல்கிறது சர்வதேச விதி. இரண்டு ஏ320 அடுத்தடுத்து வந்தால் 3 கடல் மைலே போதும். சென்னையில் காலை உச்ச நேரத்தை இதற்காக யார் விட்டுக்கொடுப்பார்கள்? மதியம் ஒரு மணிக்கு ஒரு விமானம் கொடுப்பார்கள், கொல்கத்தா விமானத்தோடு அது ஒட்டாது. மூன்று மணி நேரக் கார்ப் பயணத்துக்குப் பதிலாக நாலு மணி நேரம் அங்கே காத்திருக்க வேண்டியிருக்கும்.

அப்துல்லாபுரத்திலிருந்து ஒரே ஒரு விமானம்தான் என்றால் அது பெங்களூருக்குப் போகட்டும், காலையில் போய் மாலையில் திரும்பட்டும். தூரம் அதிகம் என்பதால் மிச்சமாகும் நேரமும் அதிகம். இணையான ஓடுதளம் இரண்டு இருப்பதால் இடம் கேட்கவும் வாய்ப்புண்டு. நம் எம்.பி., எம்.எல்.ஏ.க்களிடம் மனு கொடுக்கிறவர்கள் "வேலூருக்கு விமானம்" என்று மட்டும் எழுதாமல், எந்த ஊருக்கு, எந்த நேரத்தில் என்றும் சேர்த்து எழுத வேண்டும்.

சென்னைக்கு இரண்டாவது விமான நிலையமாகப் பரந்தூர் வந்தால் கணக்கு மாறும். 2022-இல் அறிவித்த அந்த நிலையத்தில் இணையான இரண்டு ஓடுதளம் போடத் திட்டம். காஞ்சிபுரம் பக்கம் என்பதால் நமக்கு மீனம்பாக்கத்தை விடக் கிட்டம். ஏகனாபுரத்து விவசாயிகள் ஏரியையும் நஞ்சையையும் விடமாட்டோம் என்று போராடுவதை ஆற்காட்டு நெல் வயல்களைப் பார்த்து வளர்ந்த என்னால் ஒதுக்கித் தள்ள முடியவில்லை. எனக்கு லாபமான இடம் என்பதற்காக அவர்கள் இழப்பைச் சின்னதாகப் பேச மாட்டேன். ஓசூருக்கும் ஒரு நிலையம் என்று 2024-இல் அறிவித்தார்கள். பெங்களூர் நிலையத்தைச் சுற்றி 150 கிலோமீட்டருக்குள் 2033 வரை வேறு பெரிய நிலையம் கூடாது என்ற ஒப்பந்தம் அதற்குக் குறுக்கே நிற்கிறது.

அதுவரைக்கும் என் கடையில் நான் சொல்வது இதுதான். மாலை ஐந்துக்குள் சென்னையில் இறங்கும் விமானம் கிடைத்தால், ஆயிரம் ரெண்டாயிரம் கூடினாலும் அதையே எடுங்கள். ராத்திரி விமானம் மட்டும்தான் என்றால், சென்னையிலேயே தங்கிவிட்டுக் காலை ரயிலில் காட்பாடி வாருங்கள். டாக்டர் தேதியை ஒரு நாள் தள்ளி வாங்குங்கள். உடம்பு தாங்குகிறவர்கள், சென்னை நேரம் ஒத்துவராவிட்டால் பெங்களூர் போகலாம், கோலார் வழியாக. அக்டோபர், மார்ச் மாதங்களை ஒட்டி முன்பதிவு செய்தவர்கள் கடைசி ஞாயிறுக்குப் பத்து நாள் முன்னால் எனக்கு ஒரு போன் போடுங்கள். நேரம் மாறியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன், அதற்குக் காசு வாங்குவதில்லை.