முகாம் அறிக்கையா, ஸ்க்ரைப் வேலையா, மனு எழுதுவதா? எழுத்துத் தாளோடு எதைச் சேர்க்கலாம்

கல்லூரியில் இரண்டாம் ஆண்டுக்கு எழுத்துப் பயிற்சித் தாள் எடுக்கிறேன். இதோடு சமூகப் பணியையும் சேர்ப்பது என்று முடிவானபோது துறையில் மூன்று யோசனைகள் வந்தன. நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குப் போய் வந்து அறிக்கை எழுதுவது, பார்வையற்றவர்களுக்கு ஸ்க்ரைபாகத் தேர்வு எழுதித் தருவது, பக்கத்து ஊர் நூலகத்தில் சனிக்கிழமைகளில் உட்கார்ந்து மனு எழுதித் தருவது. மூன்றையும் செய்து பார்த்தாயிற்று. நான் மனு பக்கம்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முகாம் எளிது. 1969இலிருந்து இருக்கும் திட்டம், ஆண்டுக்கு 120 மணி நேரம், ஏழு நாள் சிறப்பு முகாம், எல்லாம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதால் அனுமதிக்கும் சாப்பாட்டுக்கும் நாம் அலைய வேண்டாம். பிள்ளைகளும் உண்மையாகவே உழைக்கிறார்கள், கண்மாய்க் கரையில் கருவேல முள் வெட்டிக் கை கிழிந்து வருகிறார்கள். ஆனால் அறிக்கை என்று வரும்போது ‘இம்முகாம் எங்களுக்குப் புதிய அனுபவமாக அமைந்தது’ என்ற வரி பாதி நோட்டுகளில் இருக்கிறது. அதைப் படிக்கப்போவது நான் ஒருத்திதான், அதுவும் மதிப்பெண் போட, என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஸ்க்ரைப் வேலையில் எனக்கு இரண்டு தேர்வுக் காலத்து அனுபவம்தான், அனுப்பியதும் ஆறு பேரைத்தான், அதனால் அழுத்திச் சொல்ல மாட்டேன். தேவை மிகப் பெரியது. மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கொடுக்கிறார்கள் என்றால் நான்கு மணி நேரம் இன்னொருவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டு, தன் சொல் ஒன்றுகூட நுழையாமல் எழுத வேண்டும். போய் வந்தவர்களுக்கு நிறுத்தற்குறி அழகாக வந்துவிட்டது. ஆனால் அங்கே அவர்கள் யோசித்து எழுதுவது எதுவும் இல்லை, இருக்கவும் கூடாது. எழுத்துத் தாளுக்கு அது போதவில்லை.

மனுவில் நடப்பது வேறு. முதியோர் உதவித்தொகை நின்றுபோன ஒரு அம்மாவுக்கு ஒரு மாணவன் எழுதிய முதல் வரைவு ஒன்றரைப் பக்கம், ‘தங்கள் மேலான கவனத்திற்குக் கொண்டு வருவது யாதெனில்’ என்று தொடங்கி அவருடைய கஷ்டம் முழுக்க இருந்தது. எந்த மாதத்திலிருந்து பணம் நின்றது என்பது மட்டும் இல்லை. அவனை அவரிடமே திருப்பி அனுப்பினேன். பாஸ்புக்கைப் பார்த்து, முன்பு ஒருமுறை திங்கட்கிழமைக் குறைதீர் நாளில் மனு கொடுத்திருக்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த ரசீதின் எண்ணையும் சேர்த்து எழுதியபோது மனு எட்டு வரியாகிவிட்டது. அதற்கும் பதில் வராமல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குப் போனோம். அங்கே இன்னொரு பாடம். ‘ஏன் என் பணம் வரவில்லை’ என்று கேட்டால் பயன் இல்லை, அலுவலகத்தில் இருக்கும் ஆவணத்தைத்தான் கேட்க முடியும். ஆகவே ‘என் மனு மீது இதுவரை எடுத்த நடவடிக்கை தொடர்பான கோப்பின் நகல் வேண்டும்’ என்று மாற்ற வேண்டும். வினைச்சொல்லையும் பெயர்ச்சொல்லையும் பற்றி நான் ஒரு பருவம் முழுக்கப் பேசினாலும் அவனுக்கு இது இப்படி உறைத்திருக்காது. கட்டணமாக 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, காரணம் எதுவும் சொல்லத் தேவையில்லை என்று தெரிந்து கையெழுத்து வாங்கியபோது அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

சரி, இதில் சிக்கலே நாட்காட்டிதான். மனு எழுதும் திட்டம் நிற்பதும் விழுவதும் இதில்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தகவல் மனுவுக்குப் பதில் தர 30 நாள். பதில் சரியில்லை என்றால் முதல் மேல்முறையீடு செய்ய இன்னொரு 30 நாள். அதை முடிக்க 30 நாள், நீட்டித்தால் 45. கூட்டிப் பாருங்கள், நூறு நாளைத் தாண்டுகிறது. நமக்கோ பருவத்தில் முதல் ஐந்து வாரம் பயிற்சியிலேயே போய்விடும், நடுவே அகமதிப்பீட்டுத் தேர்வுகள் வேறு. முதல் வருடம் இதை யோசிக்காமல் ஜனவரியில் தொடங்கிவிட்டேன். ஏப்ரலில் கல்லூரி மூடியது, பிள்ளைகள் ஊருக்குப் போய்விட்டார்கள். அந்த அம்மா மே மாதம் பதில் கடிதத்தோடு மூன்று சனிக்கிழமை நூலகத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறார். ஜூனில் நூலகர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மேல்முறையீட்டுக் கெடு முடிந்திருந்தது. தக்க காரணம் சொன்னால் தாமதத்தை ஏற்கச் சட்டத்தில் இடம் இருந்ததால் மறுபடி எழுத முடிந்தது, ஆனால் அவர் அலைந்தது அலைந்ததுதான். அதற்கு நான் பொறுப்பு.

இப்போது ஜூனில் தொடங்குகிறோம். செப்டம்பர் பாதிக்கு மேல் புது மனு எடுப்பதில்லை, பழையதைத் தொடர்வது மட்டும். ஒரு பதிவேடு இருக்கிறது, யாருக்கு எந்தத் தேதியில் அனுப்பியது, அடுத்த கெடு எப்போது என்று. பருவம் முடிந்ததும் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் இரண்டு பேர் அதை வாங்கிக்கொள்கிறார்கள், விடுமுறையில் நான் வைத்திருக்கிறேன். மனு நகலின் பின்பக்கம் என் கைபேசி எண் இருக்கும். இந்த வேலைக்கு ஓர் ஆசிரியர் வருடம் முழுக்கத் தயாரில்லை என்றால் மனு பக்கம் வரவே வேண்டாம், ஸ்க்ரைப் வேலையே நல்லது. அது அன்றைக்கே முடிந்துவிடும், யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

எங்களுடையது சின்ன ஊர், பிள்ளைகளில் பலர் அதே கிராமங்களிலிருந்து வருபவர்கள், பேச்சு எளிதில் தொடங்கிவிடுகிறது. பெருநகரக் கல்லூரியில் இது எப்படிப் போகும் என்பது செய்து பார்த்தவர்கள் சொல்ல வேண்டியது.

அப்புறம் மதிப்பெண். பணம் வந்ததா இல்லையா என்பதை வைத்துப் போடக்கூடாது. முதல் வரைவுக்கும் கடைசி வரைவுக்கும் நடுவில் என்ன மாறியது, கெடு தேதியில் திரும்பப் போய்ப் பார்த்தார்களா, இந்த இரண்டுக்குத்தான் போடுகிறேன். பதிவேட்டில் ஆதார் எண்ணை எழுதவோ அட்டையைக் கைபேசியில் படம் எடுக்கவோ யாரையும் விடுவதில்லை.